பாசி முளைக்காத இடம்

அக்காவுக்குக் காது போன நாளிலிருந்து கண் வேலை சின்னவளுக்கு வந்து சேர்ந்தது. காது போனது என்றால் கேட்காமல் போகவில்லை. கேட்கக் கூடாததெல்லாம் இன்னும் துல்லியமாகக் கேட்கிறது என்பதுதான் அக்கா வீட்டுக்காரரின் நிரந்தரப் புகார். கடலடியில் முங்கி வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை சளியோடு இறங்கிவிட்டாள், செவிப்பறை கிழிந்துவிட்டது. இனிமேல் தலை நனைகிற ஆழத்துக்குக்கூட இறங்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது அக்கா தங்கையைப் பார்த்து, "இனிமே நீதான்டி என் கண்ணு" என்றாள். சின்னவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அது எவ்வளவு பெரிய சுமை என்று அப்போது அவளுக்கு எங்கே தெரிந்தது.

அக்கா நடத்துவது ஒரு சிப்பிப் பண்ணை. பண்ணை என்றதும் ஏக்கர் கணக்கில் கற்பனை பண்ண வேண்டாம். வலைக் கிடங்குக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே சிமெண்டுத் தொட்டிகள், குழாய்கள், ஓயாத தண்ணீர்ச் சத்தம், எப்போதும் நனைந்த செருப்பு. வளர்ப்பது காதுச்சிப்பி. மனிதக் காது வடிவத்தில் ஒற்றை ஓடு, ஓட்டின் ஓரமாக வரிசையாகத் துளைகள், அடியில் பாறையைக் கவ்விக்கொள்ளும் தடித்த பாதம். ஒரு காலத்தில் இந்தக் கடலில் கால் வைத்த இடமெல்லாம் கிடந்ததாம். ஓட்டில் பளபளப்பு, சதையில் ருசி, இரண்டும் சேர்ந்து அதன் குடியைக் கெடுத்தன. ஆள் ஆளுக்கு வாரிக்கொண்டு போனார்கள். மிச்சத்தை நோய் தின்றது. இப்போது நாள் முழுக்க முங்கினாலும் ஒன்று கண்ணில் பட்டால் பெரிய விஷயம்.

இந்தப் பாழாய்ப் போன சிப்பிக்குக் கூடிக் குலவவும் தெரியாது. ஆண் தன் பாலையும் பெண் தன் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும். இரண்டும் அங்கேயே கலந்தால்தான் குஞ்சு. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடக்கும், தள்ளித் தள்ளி இருந்தால் எல்லாம் நீரோட்டத்தோடு போய்விடும். தனியாக ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பி எத்தனை வருஷம் உயிரோடு இருந்தாலும் வம்சம் வளராது. அதனால்தான் அக்காவின் சட்டமும் அவளுக்குக் கிடைத்த அனுமதியின் சட்டமும் ஒன்றாகவே இருந்தன. தனியாளை மட்டும் எடுக்கலாம். ஜோடியைத் தொடவே கூடாது. தனியாளைக் கொண்டுவந்து பண்ணையில் துணை சேர்த்துப் பொரிக்க வைத்து, மாதக்கணக்கில் நோய்ச் சோதனை பண்ணி, குஞ்சுகளைத் திரும்பக் கடலில் விட வேண்டும்.

ஆனால் பண்ணையில் இப்போது இருந்தவை எல்லாமே பெண்கள். ஒரே ஒரு ஆண் இருந்தான். மாப்பிள்ளை என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். பருவம் தொடங்கும் நேரத்தில் ஒரு காலை தொட்டிச் சுவரிலிருந்து கழன்று மல்லாந்து கிடந்தான். அக்கா அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை. பெண்களோ முட்டை முற்றித் தயாராக நின்றன. இந்தப் பருவத்துக்குள் ஆண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே கரைந்துவிடும். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த வருஷம் பண்ணை இருக்குமா என்பதே சந்தேகம். பண்ணைக்குப் பணம் கொடுக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார், குஞ்சு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றதும் இங்கே இறால் நன்றாக வருமே என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அக்காவுக்குத் தூக்கம் போனது.

பருவம் முடியும் தறுவாயில்தான் அந்த நாள் வந்தது. சாயங்காலத்துக்கு மேல் கடல் கொந்தளிக்கும், ஒரு வாரத்துக்குப் படகு இறக்கக் கூடாது என்று எச்சரிக்கை. அன்று விட்டால் பருவம் போச்சு. அக்கா விடிந்ததிலிருந்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். கழுவின வாளியையே கழுவினாள். சின்னவள் கிளம்பும்போது அவளுடைய முங்கு உடுப்பின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துவிட்டு, கையை எடுக்காமல் நின்றாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

படகு ஓட்டுவது மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர். கடலுக்குள் காற்று அனுப்பும் கம்ப்ரசரையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். காற்றுக் குழாயோடு ஒரு கயிறும் இறங்கும், கீழேயிருந்து வரும் இழுப்பை வைத்து நிலைமையைத் தெரிந்துகொள்வார். கயிறு கையில் இருக்கும்வரை தமாஷாகப் பேசிக்கொண்டே இருப்பார், கேட்க யாரும் இல்லாவிட்டாலும். பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து அது. அந்த வீட்டில் தனக்கு எப்போதும் கடைசி இடம், முன் வரிசையெல்லாம் சிப்பிக்கு ஒதுக்கியாகிவிட்டது என்று அன்றும் ஆரம்பித்தார். சின்னவள் வாயில் காற்றுக் குழாயை வைத்துக்கொண்டு முதுகுப்புறமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தாள்.

அடியில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. வரப்போகும் கொந்தளிப்பு முன்கூட்டியே ஆள் அனுப்பிவிட்டது. பிய்ந்த கடற்பாசி கொத்துக் கொத்தாக மிதந்துபோனது. போன பாறைகளிலெல்லாம் ஏமாற்றம். கை விறைத்துப்போய், இனி மேலே போக வேண்டியதுதான் என்று நினைத்த நேரத்தில், ஒரு பாறை விளிம்புக்குக் கீழே அது இருந்தது. நல்ல வளர்ந்த சிப்பி. சின்னவளுக்கு நெஞ்சு அடித்த அடியில் காற்றுக் குழாயைக் கடித்தே விட்டாள்.

பதறக் கூடாது. முதலில் அளவுக் கயிற்றின் ஒரு முனையைப் பாறையில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். அந்த வட்டத்துக்குள் வேறு சிப்பி இருந்தால் ஜோடி என்று அர்த்தம், கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். சுற்றினாள். இடுக்குகளில் விளக்கடித்துப் பார்த்தாள். எதுவும் இல்லை. பிறகு கரண்டியை எடுத்தாள். அடுப்படியில் புரட்டிப்போடும் கரண்டி மாதிரிதான் இருக்கும், முனையை மாமா அரத்தால் தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்திருந்தார். காரணம் இருக்கிறது. இந்தச் சிப்பிக்கு ரத்தம் உறையாது. பாதத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் சொட்டுச் சொட்டாக வடிந்தே செத்துப்போகும். சிப்பி அசந்திருக்கும்போது ஒரே மூச்சில் கரண்டியை அடியில் செலுத்திக் கிளப்ப வேண்டும். அது சுதாரித்துக்கொண்டு கவ்விவிட்டால் கையெடுத்துவிட வேண்டும். ஒரு சிப்பிக்கு ஒரு தடவைதான், மல்லுக்கட்டக் கூடாது.

கரண்டி போனது, சிப்பி கையோடு வந்தது. திருப்பினாள். பாதத்துக்குப் பக்கத்தில் தெரியும் நிறத்தை வைத்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியும். பெண் என்றால் பச்சை, ஆண் என்றால் பால் வெள்ளை. விளக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். வெள்ளை! தண்ணீருக்கடியில் கத்த முடியாது, முடிந்திருந்தால் படகே ஆடியிருக்கும்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சிப்பியைப் பையில் போடத் திரும்பியபோது விளக்கு வெளிச்சம் பாறை விளிம்பின் உள்பக்கம் விழுந்தது. அங்கே பாறையெல்லாம் பாசியும் சுண்ணாம்புப் பொருக்குமாக இருக்க, நடுவில் காது வடிவத்தில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று சுத்தமாக இருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் எடுத்த சிப்பியின் இடம் அல்ல அது, அதைவிடப் பெரியது.

அதை அக்கா பாய் என்பாள். காதுச்சிப்பி தினமும் ஒரே இடத்தில்தான் வந்து படுக்கும். படுத்துப் படுத்து அங்கே பாசி முளைக்காது. சிப்பி செத்துப்போனாலோ இடம் மாறினாலோ சில வாரங்களில் பாசி ஏறிவிடும். பாய் சுத்தமாக இருந்தால் ஆள் வெளியே போயிருக்கிறது, திரும்பி வரும் என்று அர்த்தம். வழக்கமாக இருட்டியபிறகுதான் மேயப் போகும். ஆனால் இதுபோலக் கலங்கிய நாளில், தீனி தானாக மிதந்து வரும்போது, பகலிலும் கிளம்பிவிடும். இதெல்லாம் சின்னவளுக்கு மனப்பாடம். அக்கா ஊட்டி வளர்த்த பாடம்.

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு விளக்கைத் திருப்பிக்கொண்டாள்.

பழைய தடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அலை உரசிச் சுத்தமாகியிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள். ஒன்றுக்கு இரண்டு சமாதானம் சேர்ந்துவந்தாலே அதில் ஏதோ கோளாறு என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் கயிற்றை இழுத்தாள்.

மேலே மாமா பண்ணின ஆர்ப்பாட்டத்தைச் சொல்லி மாளாது. சிப்பியை எட்டிப் பார்த்தார், வெள்ளையைப் பார்த்தார், ஈரத் துண்டை உதறித் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு என்று கடலைப் பார்த்து அறிவித்தார். சின்னவள் சிப்பியின் பாதத்தைச் சுற்றிலும் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. அந்த இடத்துத் தண்ணீரையே மொண்டு நிரப்பின பெட்டியில் அவனை வைத்து, காற்றுக்குமிழி விடும் சின்ன மோட்டாரைப் போட்டாள். மாமா அக்காவுக்குப் போன் போட்டு அவளிடம் நீட்டினார். போனில் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சின்னவள் போனை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

படகுத் துறைக்கே அக்கா வந்துவிட்டாள், வீட்டில் கட்டியிருந்த உடுப்போடு. பெட்டியை எட்டிப் பார்த்த அந்த முகத்தை என்னவென்று சொல்ல. மாதக்கணக்காகச் சுருங்கிக் கிடந்த முகம் மளமளவென்று விரிந்தது. அந்தச் சிரிப்போடே, வழக்கமாகக் கேட்கும் கேள்வியை வழக்கப்படி கேட்டாள்.

"பக்கத்துல வேற எதுவும் இருந்துச்சா?"

"இல்லக்கா" என்றாள் சின்னவள்.

பொய் இல்லை. வேறு சிப்பி எதுவும் இருக்கவில்லை. ஒரு வெற்றிடம்தான் இருந்தது. அக்கா மேற்கொண்டு துருவிக் கேட்கவும் இல்லை. எதற்குக் கேட்கப் போகிறாள், அவள் கண் பார்த்துவிட்டு வந்து சொல்கிறது. பார்த்ததை மட்டும் சொல், நினைத்ததைச் சொல்லாதே என்று அவள் தங்கையிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். சின்னவள் பார்த்ததை விட்டுவிட்டு நினைத்ததைச் சொல்லியிருந்தாள்.

வேனில் பெட்டி சின்னவளின் மடியில் இருந்தது. குமிழி மோட்டார் குறுகுறுவென்று தொடையில் அதிர்ந்தது. அந்த அதிர்வு தொடையில்தானா மனசிலா என்று பிரித்தறிய முடியவில்லை. முன்சீட்டில் அக்கா விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். இன்றைக்கே தொட்டியில் விட்டு ஆசுவாசப்படுத்தி, நாளைக்கு மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீர் மாற்றி முட்டை விட வைத்துப் பார்க்கலாம் என்றாள். குஞ்சுகளுக்கு எந்தத் தொட்டி, இறால்காரர் வந்தால் எந்தத் தொட்டியை முதலில் காட்டுவது என்றெல்லாம் போனது பேச்சு. அக்கா இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று என்று மாமா கண்ணாடியில் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார். சின்னவள் சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். பண்ணை போகும். அது பெரிய விஷயம்தான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் அவளை அரித்தது வேறு ஒன்று. இனிமேல் தான் என்ன பார்த்துவிட்டு வந்து சொன்னாலும் அக்கா ஒரு கணம் யோசிப்பாள் அல்லவா? அந்த ஒரு கணத்தை நினைத்தாலே தாங்க முடியவில்லை. சொல்லாமல் விட்டால் அந்தக் கணம் வராது. சொல்லாமல் விட்டால் அந்தப் பெரிய பாய்க்குச் சொந்தக்காரி மேய்ந்துவிட்டுத் திரும்பி வந்து, பக்கத்து இடம் காலியாகக் கிடக்க, வருஷக்கணக்கில் தனியாகக் கிடப்பாள். இந்தக் கடலில் தானாகக் குஞ்சு பொரிக்கிற ஜோடி வேறு எங்காவது இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது.

பண்ணைக்குள் நுழைந்ததும் தனி அறை ஒன்று உண்டு. கடலிலிருந்து வரும் சிப்பியை முதலில் அங்கேதான் வைப்பார்கள். கால் நனைக்க மருந்துத் தண்ணீர், கை கழுவத் தனிக் குழாய். அந்த அறைத் தொட்டியில் ஒரு தடவை இறங்கிவிட்ட சிப்பி அப்புறம் கடலுக்குத் திரும்பக் கூடாது. பண்ணைத் தண்ணீரிலிருந்து ஏதாவது நோயைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டால் மிச்சமிருப்பதும் காலி. அதனால் அந்தத் தொட்டி விளிம்பு ஒருவழிப் பாதை.

அக்கா கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாள். பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்தவனிடம், பயப்படாதே, நம்ம வீடுதான், உள்ளே பொண்ணுங்க காத்துக்கிட்டிருக்காங்க என்று கொஞ்சலாக ஏதோ சொன்னாள். இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள்.

"அக்கா, அங்க ஒரு பாய் இருந்துச்சு."

அக்காவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"பாசி ஏறியிருந்துச்சா?"

"இல்ல. சுத்தமா இருந்துச்சு."

"எவ்ளோ கிட்ட?"

"கை நீட்டுற தூரம்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கையை மெதுவாக வெளியே எடுத்தாள். மூடியைப் போட்டாள். நன்றாக மூடியிருக்கிறதா என்று நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். திட்டுவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்று ஏங்கினாள். அக்கா உள்ளே பெண்கள் இருந்த தொட்டிக்குப் போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்க்கச் சின்னவளுக்குத் தெம்பில்லை.

மாமாதான் பேசினார், முதல் தடவையாகத் தமாஷ் இல்லாமல். கடலில் அந்த ஜோடிக்குப் பொரித்தாலும் பொரிக்கும், பொரிக்காமலும் போகும், பொரித்ததை மீன் தின்றுவிடும். இங்கே இருந்தால் ஆயிரக்கணக்கில் குஞ்சு நிச்சயம், அத்தனையும் கடலுக்குத்தானே போகப் போகிறது. ஒன்றை எடுத்து ஆயிரத்தைக் கொடுப்பது எப்படித் தப்பாகும் என்று கேட்டார். கேள்வி நியாயமான கேள்விதான், அதில் சூது ஒன்றும் இல்லை. அக்கா திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. நாளைக்கு ஆயிரம் வரும் என்று இன்றைக்கு இருக்கிறதைப் பிடுங்கித்தான் இந்தக் கடல் இந்த லட்சணத்தில் இருக்கிறது, எல்லாரும் ஒரு நியாயம் வைத்துக்கொண்டுதான் எடுத்தார்கள் என்று சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. மாமா வேன் சாவியைத் தேடினார்.

"இவன்மேல இன்னும் நம்ம தண்ணி படல" என்றாள் அக்கா தங்கையிடம். "கிளம்பு. அது திரும்பி வந்திருக்கான்னு பாரு. வந்திருந்தா அதையும் தூக்கிப் பாரு. அதுவும் ஆணா இருந்தா அது ஜோடி இல்ல, இவனக் கொண்டு வந்துடலாம்."

அப்படி ஒரு வழி இருக்கிறது என்று சின்னவளுக்குத் தோன்றவே இல்லை. கடவுளே, வெள்ளையாக இருக்கட்டும் என்று அந்த இடத்திலேயே வேண்ட ஆரம்பித்துவிட்டாள்.

இந்தத் தடவை அக்காவும் படகில் ஏறினாள். காது போன பிறகு அவள் படகில் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடுப்பலகையில் உட்கார்ந்தாள். காற்று ஏறிவிட்டிருந்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வானம் கறுத்துக்கொண்டு வர, இப்போது திரும்பினால்தான் ஆச்சு என்று மாமாவின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அக்கா தன்னைப் பார்க்கிறாளா என்று சின்னவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அக்கா பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடம் வந்ததும் மாமா கயிற்றை அவள் இடுப்பில் கட்டிவிட்டார். ஒரு தமாஷும் வரவில்லை. அக்கா பெட்டியைத் திறந்து, சிப்பியைக் கையில் எடுத்து, வலைப்பைக்குள் வைத்து, பையைத் தங்கையின் மார்போடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சை இறுக்கி ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அடியில் தண்ணீர் இப்போது முன்னும் பின்னுமாக இழுத்தது. ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டால்தான் நிற்கவே முடிந்தது. கை தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தடவித் தடவித்தான் அந்த விளிம்பைக் கண்டுபிடித்தாள். உள்ளே விளக்கடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். இருக்கக் கூடாது என்று வேண்டவா, இருக்க வேண்டும் என்று வேண்டவா? இரண்டையும் சேர்த்தே வேண்டிக்கொண்டு விளக்கைக் காட்டினாள்.

பாய் காலியாக இல்லை. ஓடெல்லாம் பாசி படர்ந்து, துளையோரமெல்லாம் பொருக்கு ஏறி, பெரிய கிழட்டுச் சிப்பி ஒன்று தன் இடத்தில் அளவெடுத்தாற்போலப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. மேய்ந்துவிட்டு வந்த களைப்பில் ஓடு லேசாகத் தூக்கியிருந்தது.

சின்னவள் கரண்டியை எடுத்தாள். அவள் வாழ்க்கையில் கை இவ்வளவு நடுங்கி அவள் பார்த்ததில்லை. இந்த நடுக்கத்தோடு செலுத்தினால் கீறிவிடும், கீறினால் அது போய்ச்சேரும், அந்தப் பாவமும் சேர்ந்துகொள்ளும். அலை பின்வாங்கும் வரை காத்திருந்தாள். மறுபடி ஓர் அலை. மறுபடி காத்திருந்தாள். நீர் ஒரு கணம் அசையாமல் நின்றபோது கரண்டி தானாகவே போனதுபோல அடியில் போனது. சிப்பியை முழுதாகக் கிளப்பவில்லை. ஒரு விரல் உயரம் மட்டும் நெம்பி, அந்த இடைவெளியில் விளக்கைச் செலுத்தினாள்.

பச்சை. சந்தேகத்துக்கே இடமில்லாத பச்சை.

கரண்டியை உருவியதும் கிழவி தன் பாய்மேல் படாரென்று கவிழ்ந்துகொண்டாள். சின்னவள் பாறையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். வெள்ளை என்று சொன்னால் போதும். மேலே இருக்கும் இரண்டு பேருக்கும் இங்கே என்ன நடந்தது என்று தெரியப்போவதே இல்லை. இந்தப் பையை அவிழ்க்காமல் கயிற்றை இழுத்தால், அக்காவின் முகம் மறுபடி விரியும். கையைக் கயிற்றின்மேல் வைத்தாள் என்பதையும் மறைப்பானேன். வைத்தாள். பிறகு எடுத்துப் பையின் முடிச்சை அவிழ்த்தாள், அக்கா போட்ட முடிச்சு அவ்வளவு சுலபத்தில் அவிழவில்லை.

அவனை அவன் பழைய இடத்திலேயே வைத்தாள். உடனே ஒட்டிக்கொள்ளவில்லை. அதுவும் ஒரு நாளில் எத்தனை அலைக்கழிப்பைத் தாங்கும். விட்டால் அலை அடித்துக்கொண்டு போய்விடும், எந்த மீனாவது ஒரே வாயில் முடித்துவிடும். உள்ளங்கையை ஓட்டின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். தண்ணீர் அவளை இழுத்தது, தோள் பாறையில் உரசியது. ஒட்டிக்கடா என்று கை அழுத்தியது, ஒட்டாதேடா, ஒட்டாவிட்டால் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மனசு கெஞ்சியது. இரண்டும் அவளுடையதுதான். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைக்குக் கீழே ஓடு மெல்லத் தாழ்ந்தது. அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. சின்னவள் அழுதாள். முகமூடிக்குள் கண்ணீர் விட்டால் துடைக்க வழியில்லை, அப்படியே மேலே வந்தாள்.

மாமா அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படகில் போட்டார். அக்காவின் பார்வை முதலில் போனது வலைப்பைக்குத்தான். பை தொளதொளவென்று காலியாகத் தொங்கியது.

"பச்சையா?"

"பச்சை."

"ரெண்டும் நல்லா ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு."

அக்கா தலையை ஆட்டினாள். பெட்டியிலிருந்த தண்ணீரைக் கடலில் கவிழ்த்தாள், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தட்டித் தட்டிக் கவிழ்த்தாள். பிறகு அந்தக் காலிப் பெட்டியின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மாமா படகைத் திருப்பினார். அவள் அழுது முடிக்கட்டும் என்பதுபோல, அவ்வளவு காற்றிலும் மெதுவாகத்தான் ஓட்டினார். பண்ணையில் பெண்கள் முட்டையோடு காத்திருக்கும். இந்த வருஷம் அவ்வளவுதான். சிரித்த முகத்துக்காரர் வருவார். மூன்று பேருக்கும் அது தெரியும்.

கரை தெரியத் தொடங்கியதும் அக்கா நிமிர்ந்தாள். தன் துண்டை எடுத்துத் தங்கையின் தலையைத் துவட்டிவிட்டாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே துவட்டினாள், காது வலித்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"அடியில அவனக் கையில வச்சிருக்கும்போது, உன் மூஞ்சிதான்க்கா தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் வேற எதையும் பாக்க முடியல."

அக்கா துவட்டுவதை நிறுத்தினாள். துண்டுக்குள்ளிருந்து தங்கையின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பினாள்.

"இனிமே கீழ போனா என் மூஞ்சியப் பாக்காத. பாறையப் பாரு."

சின்னவள் தலையாட்டினாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.